இணையத்தில் பெயர் வாங்கிப் போட்டால் லாபமா?



சில குழுக்களில் இப்போது ஒரு புதுக் கேள்வி வருகிறது. "எங்க பையன் கம்ப்யூட்டர் படிச்சிருக்கான். இன்டர்நெட்டுல பேரு வாங்கி வச்சா பின்னாடி லட்சக்கணக்குல விக்கலாம்னு சொல்றான். அதுக்குக் குழுவில கடன் கிடைக்குமா?" தீர்மானம் போடுவதற்கு முன் விஷயத்தை நாமும் தெரிந்துகொள்வோம்.

இணையப் பெயர் என்றால் என்ன?

ஒரு கடையை இணையத்தில் கண்டுபிடிக்க உதவும் முகவரிதான் இது. 'டாட் காம்', 'டாட் இன்' என்று முடியும். மஞ்சள், பொம்மை, காப்பீடு போல ஒரு பொருளையே குறிக்கும் சொல்லாக இருந்தால் அது பொதுப்பெயர். தேடுபவர்கள் நேராக அங்கே வருவார்கள் என்பதால் அதற்கு மவுசு அதிகம்.

லாபம் பார்த்தவர்கள் உண்டா?

உண்டு. அமெரிக்காவில் ஒருவர் ஒன்றரை லட்சம் டாலருக்கு வாங்கிய 'பிசினஸ் டாட் காம்' என்ற பெயர், 1999-ல் 75 லட்சம் டாலருக்கு விலைபோனது. அதாவது 50 மடங்கு! நம் பிள்ளைகள் கேள்விப்படுவது இந்தக் கதையைத்தான்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 'பெட்ஸ் டாட் காம்' நல்ல பொதுப்பெயர். வளர்ப்புப் பிராணிகளுக்கான பொருட்களை விற்றார்கள். 2000 பிப்ரவரியில் பங்கு வெளியிட்ட அந்தக் கம்பெனி அதே ஆண்டு நவம்பரில் மூடப்பட்டது. 'டாய்ஸ் டாட் காம்' என்ற பெயரை 2009-ல் ஒரு பெரிய பொம்மைக் கம்பெனி 51 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2017-ல் அந்தக் கம்பெனி திவாலானது. பெயர் நன்றாக இருந்தது, வியாபாரம் நிற்கவில்லை.

கடன் கேட்டால் கவனிக்க வேண்டியவை

1. இது நிலம் அல்ல, குத்தகை. வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால், சிறிது கால அவகாசத்துக்குப் பிறகு அந்தப் பெயர் வேறு யாருக்கும் போகலாம்.

2. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பெயருக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 20 பெயருக்கு 20,000 ரூபாய். ஐந்து ஆண்டில் ஒரு லட்சம்! அதோடு குழுக்கடன் வட்டி வேறு. ஆடு வாங்கினால் குட்டி போடும். பெயர் தீனி மட்டும்தான் கேட்கும்.

3. நல்ல சொற்கள் முன்பே போய்விட்டன. ஒரே சொல்லில் அமைந்த 'டாட் காம்' பெயர்களைப் பல ஆண்டுகளுக்கு முன்பே வாங்கிவிட்டார்கள். 'டாட் இன்' பெயர்கள் 2005-லேயே எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. நமக்கு மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் மற்றவர்கள் வேண்டாமென்று விட்டவைதான்.

4. பிறர் கம்பெனிப் பெயரை வாங்கிப் பதுக்கக் கூடாது. வியாபாரப் பெயருக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு இணையப் பெயருக்கும் உண்டு என்று சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-ல் தீர்ப்பளித்தது.

5. "உங்க பேரை வாங்க ஆள் ரெடி, முதல்ல மதிப்பீட்டுச் சான்றிதழுக்குப் பணம் கட்டுங்க" என்று தகவல் வந்தால் நம்பாதீர்கள். இது பழைய மோசடி.

அப்படியானால் பெயரே வேண்டாமா?

வேண்டும், சொந்தத் தொழிலுக்கு. ஊறுகாய், சிறுதானிய மாவு, பாக்குமட்டைத் தட்டு தயாரிக்கும் குழு, தன் பொருளின் பெயரில் ஒரே ஒரு முகவரி வைத்துக்கொள்ளலாம். அது கடைப் பலகை மாதிரி. பதிவுச் செலவு தொழில் செலவில் சேரும். பதிவு குழுவின் பெயரிலேயே இருக்கட்டும். செய்து தருபவர் தன் பெயரில் போட்டுக்கொண்டால் நாளை முகவரி அவருடையதாகிவிடும்.

ஆகவே, விற்பதற்காகப் பெயர் வாங்க உள்கடன் கொடுப்பது சரியல்ல என்பதே நம் கருத்து. ஆசைப்படும் பிள்ளை, போனாலும் பரவாயில்லை என்கிற தன் சொந்தக் காசில் ஒன்றிரண்டு வாங்கிப் பார்க்கட்டும். குழுவின் சேமிப்பு ஒவ்வொருவரும் வயிற்றைக் கட்டிச் சேர்த்தது.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்:

* கடன் கேட்கும் தொழிலில் மாத வருமானம் எங்கிருந்து வரும்?
* விற்க முடியாமல் போனால் தவணையை யார் கட்டுவது?
* நம் குழுப் பொருளுக்கு என்ன பெயர் வைக்கலாம்?