தடை தளர்ந்தது, நோய் தளர்ந்ததா?



கோவிட்-19 பெருந்தொற்று பரவிய 2020-ஆம் ஆண்டில் நீங்கள் சிறு வகுப்புகளில் படித்திருப்பீர்கள். அவ்வாண்டு மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. திருச்சியில் பேருந்து நிலையங்கள் வெறிச்சோடின. ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. பிறகு தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1-இல் திறக்கப்பட்டன.

தடைகளை என்றென்றும் வைத்திருக்க முடியாது. பூக்கட்டி விற்பவருக்கும் ஆட்டோ ஓட்டுபவருக்கும் அன்றாடப் பிழைப்பு வேண்டும். உங்களுக்குப் படிப்பு வேண்டும். ஊரடங்கின்போது எப்படி நடந்துகொள்வது என்பது எளிய பாடம்: வீட்டில் இருந்தால் போதும். தடை தளர்ந்தபின் எப்படி நடந்துகொள்வது என்பதுதான் கடினமான பாடம். அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

ஒன்பதா, பதினொன்றா?

ஓர் ஊரில் 100 நோயாளிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்து நோயாளிகள் சேர்ந்து புதிதாக 9 பேருக்கு நோயைத் தருகிறார்கள் என்றால், அடுத்த சுற்றில் 90 பேர், அதற்கடுத்த சுற்றில் 81 பேர் என்று எண்ணிக்கை குறையும். பத்தாவது சுற்றில் 35 பேர்தான் இருப்பார்கள்.

அதே பத்துப் பேர் 11 பேருக்கு நோயைத் தந்தால்? 110, 121 என்று ஏறி, பத்தாவது சுற்றில் 259 ஆகிவிடும். இருபதாவது சுற்றில் முதல் ஊரில் 12 பேர். இரண்டாவது ஊரில் 673 பேர்!

இரண்டு ஊர்களுக்கும் என்ன வேறுபாடு? பத்து நோயாளிகளுக்கு இரண்டே இரண்டு தொற்றுகள் கூடுதல். இருமலுடன் கடைவீதிக்குப் போகாமல் ஒருவர் வீட்டில் இருந்தது, பேருந்தின் சன்னலை ஒருவர் திறந்து வைத்தது போன்ற சிறு செயல்களே அந்த இரண்டைத் தடுத்துவிடக்கூடும். தடைகள் இருக்கும்போது எண்ணிக்கையைக் குறைக்கும் வேலையை அரசாணை செய்கிறது. தளர்ந்தபின் அந்த வேலை நம் கைக்கு வருகிறது.

தாமதமாக வரும் செய்தி

இன்னொரு சிக்கலும் உண்டு. முதலில் பரவிய வைரஸ் வகை உடலில் புகுந்து நோய்க்குறிகள் தோன்றச் சராசரியாக 5 நாட்கள் ஆயின. சிலருக்கு 14 நாட்கள்கூட ஆயின. குறிகள் தோன்றுவதற்கு ஓரிரு நாட்கள் முன்பே அவர் பிறருக்கு நோயைப் பரப்ப முடியும். ஆகவே இன்று கூட்டம் கூடினால் அதன் விளைவு மருத்துவமனையில் தெரிய இரண்டு மூன்று வாரங்கள் ஆகலாம். அதுவரை ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று தோன்றும்.

தமிழ்நாடு இதை அனுபவத்தில் கண்டது. 2021 பிப்ரவரியில் மாநிலம் முழுவதற்கும் ஒரு நாளில் கண்டறியப்பட்ட புதிய நோயாளிகள் ஏறத்தாழ 500 பேர்தான். மே 21-இல் அந்த எண்ணிக்கை 36,184! வேகமாகப் பரவும் டெல்டா வகை வந்ததும், ‘நோய் போய்விட்டது’ என்று மக்கள் எண்ணிக் கூடியதும் சேர்ந்துகொண்டன.

காற்று செய்யும் உதவி

நாம் பேசும்போதும் இருமும்போதும் துளிகள் வெளிப்படுகின்றன. பெரிய துளிகள் ஓரிரு மீட்டருக்குள் தரையில் விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளோ, மூடிய அறையில் நெடுநேரம் மிதந்துகொண்டே இருக்கும். திறந்தவெளியில் காற்று அவற்றைக் கலைத்து நீர்த்துப்போகச் செய்துவிடும்.

இதனால்தான் 2020-இல் நெரிசல் மிகுந்த காந்தி மார்க்கெட் மூடப்பட்டு, மொத்தக் காய்கறி வியாபாரம் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்கு மாற்றப்பட்டது. மழை பெய்தால் அங்கே சேறும் சகதியும்தான், வியாபாரிகள் சிரமப்பட்டார்கள். ஆனாலும் அங்கே இடம் விசாலம். தலைக்கு மேலே வானம்.

ஸ்ரீரங்கத்தில் நடந்து சென்றாலும் இதை உணரலாம். சித்திரை வீதியிலும் உத்திர வீதியிலும் காற்று தாராளமாக வீசுகிறது. கோயிலின் உட்பிராகாரங்களுக்குள் செல்லச் செல்லக் கூரையும் சுவரும் நெருங்குகின்றன. அதே நூறு பேர் வீதியில் நிற்பதும் உள்ளே வரிசையில் நிற்பதும் ஒன்றல்ல!

ஆடிப்பெருக்குப் புதிர்

இப்போது ஒரு கேள்வி. 2021 ஜூலை 5-இல் கோயில்கள் மீண்டும் திறக்கப்பட்டன. ஆனால் ஆகஸ்டு 3, ஆடிப்பெருக்கு அன்று அம்மா மண்டபம் படித்துறையில் மக்கள் கூட அனுமதி இல்லை. காவிரிக் கரை திறந்தவெளிதானே? ஏன் இந்தத் தடை?

சிந்தித்தால் விடை கிடைக்கும். தோளோடு தோள் உரச நிற்கும்போது ஒருவர் விடும் மூச்சு, காற்றில் கலைவதற்கு முன்பே அடுத்தவரை எட்டிவிடுகிறது. மேலும் அத்தனை பேரும் நெரிசலான பேருந்துகளில்தானே வந்து சேர வேண்டும்? இடம், இடைவெளி, நேரம் ஆகிய மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஏழு மதில்கள்

ஸ்ரீரங்கம் கோயிலுக்கு ஏழு திருமதில்கள். ஒவ்வொரு மதிலிலும் வாசல் உண்டு. நம் காப்புகளும் அப்படித்தான். ஒவ்வொன்றிலும் ஒரு வழி திறந்தே இருக்கும். முகக்கவசம் எல்லாத் துளிகளையும் தடுக்காது. தடுப்பூசி போட்டவருக்கும் தொற்று வரலாம். ஆனால் நோய் முற்றி உயிருக்கு ஆபத்தாகும் வாய்ப்பை அது வெகுவாகக் குறைக்கிறது. சோப்பு, வைரஸின் கொழுப்பு உறையைச் சிதைக்கும்; ஆனால் காற்றில் மிதப்பதை ஒன்றும் செய்யாது. ஒரு மதிலைத் தாண்டியதை அடுத்த மதில் தடுக்கும். எனவே பல காப்புகளைச் சேர்த்துக் கைக்கொள்வதே அறிவுடைமை.

யாருக்காக இவ்வளவு? பெரும்பாலான சிறுவர்களுக்கு இந்நோய் இலேசாக வந்து போயிற்று. வீட்டிலிருந்த தாத்தா பாட்டிகளுக்கும், நீரிழிவு உள்ளவர்களுக்கும் அப்படி இல்லை. நம்மைச் சாதாரணமாகத் தொட்டுப் போகும் நோய் அவர்களின் உயிரைப் பறிக்கக்கூடும்.

2023 மே 5-இல் உலக சுகாதார நிறுவனம் கோவிட் அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது. வைரஸ் மறைந்துவிடவில்லை. புளூ காய்ச்சலும் ஆண்டுதோறும் வருகிறது. காய்ச்சலும் இருமலும் உள்ள நாளில் பள்ளிக்கு விடுப்பு எடுங்கள். வகுப்பறைச் சன்னல்களைத் திறந்து வையுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது மூக்கும் வாயும் மூட முகக்கவசம் அணியுங்கள். இதற்கெல்லாம் அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டுமா, என்ன?

செய்து பாருங்கள்

பெரியவர் ஒருவரின் துணையுடன், கதவு சன்னல்களை மூடிய அறையில் ஓர் ஊதுபத்தியை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணையுங்கள். வெளியே வந்துவிடுங்கள். (அறையிலேயே இருந்தால் மூக்கு அந்த மணத்துக்குப் பழகிவிடும்.) ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே சென்று, மணம் எப்போது மறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வைத்து அதே சோதனையைச் செய்யுங்கள். இரண்டு நேரங்களையும் ஒப்பிட்டால், சன்னல் செய்யும் வேலை உங்களுக்கே புரியும்.