கம்பி முனை சொல்லாத சூடு

படபடப்புக்கு வைத்தியம் பார்க்க நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவமனைக்குப் போகிறவர்களில் சிலர் 'அப்ளேஷன்' என்ற சொல்லோடு திரும்புகிறார்கள். "கரண்டு வச்சு சுடுவாங்களாம்" என்று வீட்டில் சொல்கிறார்கள். தப்பில்லை, பெரும்பாலும் அதேதான். தொடைச் சிரை வழியாகக் கதீட்டர் என்ற கம்பி போன்ற மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, தாளம் தப்பவைக்கும் தசையைச் சுட்டுச் செயலிழக்கச் செய்கிறார்கள். 50 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் போதும். 100-ஐத் தொட்டாலோ தசைக்குள் நீராவி கிளம்பி 'டப்'பென்று வெடிக்கும். இதயச் சுவரே கிழியலாம்.

திரையில் ஓடும் எண் கதீட்டர் முனையின் சூடு மட்டுமே. முனையை உப்புநீர் விட்டுக் குளிர்விப்பதால், சில மில்லிமீட்டர் ஆழத்தில் தசை அதைவிடக் கொதித்துக் கிடக்கும். கரண்டை நிறுத்திய பிறகும் சூடு கொஞ்சம் பரவும். இறக்கி வைத்த மண்சட்டியில் மீன்குழம்பு கொதிப்பதைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆழத்துச் சூட்டை அல்ட்ராசவுண்டால் அறிய முடியுமா? தசை சூடேறினால் அதற்குள் ஒலி வேகமாக ஓடும், எதிரொலி சற்று முந்தி வரும். அதை வைத்துக் கணக்கிடலாம். ஆனால் இதயம் சும்மா இருக்காதே! துடிப்பின் அசைவில் அந்தச் சிறு வித்தியாசம் மூழ்கிப்போகிறது. ஆகவே இது இன்னும் அன்றாடச் சிகிச்சைக்கு வரவில்லை. இன்று கிடைப்பது இதயத்துக்குள்ளேயே போகும் எக்கோ. அது சூட்டை அளக்காது. முனை சுவரில் பதிந்திருக்கிறதா, குமிழி கிளம்புகிறதா, இதய உறையில் ரத்தம் கசிகிறதா என்று காட்டும். விலை கூடுதல், எல்லோருக்கும் தேவையுமில்லை.

உங்களுக்கு என்ன தாளக்கோளாறு என்று முதலில் கேளுங்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதய மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பது) என்றால், சுடும் இடத்துக்குப் பின்னால் உணவுக்குழாய் ஒட்டிக் கிடக்கிறது. அதை எப்படிக் காப்பார்கள், உள்ளே வெப்பமானி வைப்பார்களா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு அப்ளேஷன் முடிந்து வீடு திரும்பிய இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல், விழுங்கும்போது வலி, கை கால் மரத்துப்போதல் எது வந்தாலும் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருக்காதீர்கள். உணவுக்குழாயில் ஓட்டை விழுந்திருக்கலாம். அரிதுதான், ஆனால் உயிரைக் கேட்கும். ஆசாரிப்பள்ளம் மருத்துவமனைக்குப் போனாலும் சரி, வேறெங்கு போனாலும் சரி, டிஸ்சார்ஜ் சீட்டை நீட்டி, அப்ளேஷன் செய்ததை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த நிலையில் எடுக்க வேண்டியது நெஞ்சு சிடி ஸ்கேன். எண்டோஸ்கோப்பி செய்தால் அந்த ஓட்டை வழியாகக் காற்று மூளைக்கு ஏறிவிடலாம்.