தண்டுவடக் காயத்துக்கு ஏன் 24 மணி நேரக் கெடு?

கேள்வி: கழுத்தெலும்பு முறிந்து கை கால் விழுந்தவருக்கு ஒரே நாளுக்குள் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள். நரம்பு போனது போனதுதானே, அப்புறம் என்ன அவசரம்?

பதில்: போனது அத்தனையும் அடிபட்ட நொடியிலேயே போய்விடுவதில்லை. தண்டுவடம் ஏறக்குறைய சுண்டுவிரல் பருமன்தான். சுற்றிலும் எலும்புச் சுவர். உடைந்த எலும்போ பிதுங்கிய வட்டோ உள்ளே அழுத்தும்போது, வீங்குவதற்கும் இடமில்லாமல் இரத்த ஓட்டம் குறைகிறது. முதல் அடியில் தப்பிய நரம்பிழைகளும் மணிக்கணக்கில் செத்துக்கொண்டே போகின்றன. மருத்துவர் அறுந்ததை ஒட்டவைப்பதில்லை. அழுத்துவதை எடுத்துவிட்டு, எலும்பைத் திருகாணியும் கம்பியும் போட்டு நிறுத்துகிறார், அவ்வளவுதான்.

சான்று உண்டா என்றால், 2012-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வைச் சொல்லலாம். கழுத்துத் தண்டுவடம் அடிபட்ட 313 பேரில் 222 பேரை ஆறு மாதம் கழித்துப் பரிசோதித்தார்கள். செயலிழப்பு அளவுகோலில் இரண்டு படியாவது முன்னேறியவர்கள், 24 மணி நேரத்துக்குள் அறுவை நடந்தவர்களில் 19.8 சதவீதம், தாமதித்தவர்களில் 8.8. இது சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனை அல்ல. முந்தியவர்கள் வயதில் இளையவர்கள், அதனால் தேறினார்கள் என்று வாதிடலாம். நியாயமான சந்தேகம்தான். ஆனால் காயம் கடுமையாக இருந்ததும் அவர்களுக்கே. 2021-இல் 1,548 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டிப் பார்த்த ஆய்வும் அதே பக்கம்தான் சாய்ந்தது: முதல் 24 முதல் 36 மணி நேரம் வரை தாமதம் கூடக் கூடப் பலன் சரிகிறது, பிறகு அந்தச் சரிவு மட்டுப்படுகிறது. முந்திச் செய்தும் ஐந்தில் நான்கு பேர் அந்த இரண்டு படி ஏறவில்லை என்பதையும் குடும்பத்தாரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.