பதினான்கு லட்சம் பேர் எங்கே?

நம்பிக்கை: எபோலாவில் 14 லட்சம் பேருக்கு நோய் வரும் என்றார்கள், வரவில்லை. ஆகவே கணிதக் கணிப்பெல்லாம் வெறும் பயமுறுத்தல்.

உண்மை: அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் அந்த எண்ணை வெளியிட்டது 2014 செப்டம்பரில். 2015 ஜனவரி 20-க்குள் லைபீரியா, சியரா லியோன் இரண்டிலும் 5.5 லட்சம் பேர். பதிவேட்டுக்கு வராதவர்களையும் சேர்த்தால் 14 லட்சம். கடைசியில் கினியாவோடு சேர்த்துப் பதிவானது சுமார் 28,600 பேர். இறந்தவர்கள் 11,300-க்கும் மேல்.

தலைப்புச் செய்திகளில் விடுபட்டது ஒரு நிபந்தனை: 'நிலைமை இப்படியே நீடித்தால்.' நோயாளிகளில் ஏறக்குறைய 70 சதவீதம் பேரைப் பிறருக்குத் தொற்றாதபடி வைத்துப் பராமரித்து, இறந்தவர்களையும் பாதுகாப்பாக அடக்கம் செய்தால் தொற்று அடங்கும் என்றும் அதே அறிக்கை சொன்னது. எனக்கு அதுதான் முக்கியமான எண். எத்தனை படுக்கை வேண்டும், எவ்வளவு சீக்கிரம் வேண்டும் என்று முடிவெடுப்பவருக்கு அது போதும்.

கணிப்பில் குறையே இல்லை என்று நான் வாதாடவில்லை. விடுபட்டவர்களுக்காக அவர்கள் பெருக்கிய 2.5 என்பது ஒரு உத்தேசம். லைபீரியாவிலோ, அமெரிக்கா கட்டிய சிகிச்சை மையங்களில் பெரும்பாலானவை திறக்கும் முன்பே நோய் குறையத் தொடங்கியிருந்தது. மக்கள் தாங்களாகவே மாறிக்கொண்டிருந்ததை அந்தக் கணக்கு பிடிக்கவில்லை.

நம்பிக்கை: கடைசிக் கொசு வரை ஒழித்தால்தான் மலேரியா போகும்.

உண்மை: 1897-இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்த ரொனால்ட் ராஸே இதைக் கணக்குப் போட்டு மறுத்தார். கொசுக்கள் ஓர் அளவுக்குக் கீழே குறைந்தாலே நோய் தானாகத் தேய்ந்துவிடும்.

நம்பிக்கை: ஒரு நோயாளி எத்தனை பேருக்குப் பரப்புவார் என்பது கிருமியின் பிறவிக்குணம்.

உண்மை: பாதி கிருமி, மீதி நாம். எபோலாவில் இறந்தவரின் உடல் முழுக்கக் கிருமி. அந்த உடலைத்தான் சொந்தக்காரர்கள் குளிப்பாட்டினார்கள், தொட்டுத் தடவி அழுதார்கள். அம்மாவைத் தொடாமல் எப்படி அனுப்புவது? 2014 ஆகஸ்டில் லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் உடல்களை எரிக்க அரசு உத்தரவிட்டதும், எரித்துவிடுவார்களே என்று நோயாளிகளை வீட்டிலேயே மறைத்தவர்கள் உண்டு. நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் அடக்க முறையைத் திருத்தி எழுதியது. உடலைத் தொட முடியாது. ஆனால் குடும்பம் அருகில் நிற்கலாம், இமாமோ பாதிரியாரோ ஜெபிக்கலாம், கல்லறையில் பெயர் எழுதலாம். டிசம்பரில் மன்ரோவியாவில் எரிப்பதையும் நிறுத்தினார்கள்.