காரின் கூரைக்கு வினைல் உறை

வெயிலில் நிற்கும் காரில் முதலில் மூப்படைவது அதன் கூரைதான். கதவுகளும் பக்கத் தகடுகளும் இன்னும் பளபளப்புடன் இருக்கையில், வருஷக்கணக்கில் மதுரை வெயிலை உச்சந்தலையில் வாங்கிய மேல்தகடு மாத்திரம் மங்கி, வேப்பம்பிசினும் காக்கை எச்சமும் விழுந்த இடங்களில் தழும்பேறி, வாகனத்தின் முழு லட்சணத்தையும் கெடுத்துவிடுகிறது. டிங்கரிங் பட்டறையில் விட்டுக் கூரைக்கு மட்டும் பெயிண்ட் அடிப்பது ஒரு மார்க்கம். வினைல் படலம் வாங்கி நாமே வீட்டில் ஒட்டிக்கொள்வது மற்றொன்று. இரண்டாவதை என் காருக்கும், அதைக் கண்டு ஆசைப்பட்ட உறவினர் சிலருடைய கார்களுக்கும் செய்து பார்த்த அனுபவத்தில் சொல்லுகிறேன்: கார் முழுவதையும் போர்த்துவது தொழிலாளிக்கே உரிய வித்தை, கூரையோ ஏறக்குறைய சமதளமாக இருப்பதால், நிதானமுள்ள எவருக்கும் கைகூடும்.

ஆனால், எந்தக் கூரையின் மேலும் ஒட்டிவிடலாம் என்று எண்ணிவிடக் கூடாது. பெயிண்டின் மேலுள்ள கிளியர் கோட் செதில் செதிலாக உரியத் தொடங்கிவிட்டதானால், வினைல் அதற்குப் பரிகாரம் ஆகாது. பசை பிடித்துக்கொள்வது உரிந்துகொண்டிருக்கும் அந்தச் செதிலைத்தான். அது கழன்றால் வினைலும் கூடவே கழலும். அன்றியும் இந்தப் படலம் நூறு மைக்ரான் அளவே கனமுள்ளதாகையால், அடியிலுள்ள மேடு பள்ளம் ஒவ்வொன்றையும் வெளியே காட்டிக்கொடுத்துவிடும். அத்தகைய கூரையை நீர்த்தாள் கொண்டு தேய்த்துச் சமப்படுத்திய பிற்பாடுதான் ஒட்டுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

படலத்தில் இரண்டு ஜாதி உண்டு. உருளைகளுக்கிடையே அழுத்தி நீட்டித் தயாரிப்பது காலெண்டர்டு. திரவமாக ஊற்றி உலரவைத்துத் தயாரிப்பது காஸ்ட். முன்னது மலிவு, எனினும் உஷ்ணம் படப்படச் சுருங்கித் தன் பழைய அளவுக்குத் திரும்பும் சுபாவம் அதற்கு இருப்பதால், நம் ஊர்க் கோடையில் விளிம்புகள் பின்வாங்கிவிடும். கூரைக்குக் காஸ்ட் படலமே வாங்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். சுருளின் அகலம் சாதாரணமாக 1.52 மீட்டர் இருக்குமாதலால், சிறிய காரின் கூரை ஒரே துண்டில் அடங்கிவிடும். நாற்புறமும் நாலு விரற்கடையாவது மிச்சம் இருக்கும்படி அளந்து வாங்கவும்.

எங்கள் தெருமுனை ஸ்டிக்கர் கடைக்காரரிடம் யோசனை கேட்டபோது, “ஒட்டுறது ஒண்ணும் பெரிசில்ல சார், துடைக்கிறதுதான் வேலையே” என்றார். அது முற்றிலும் சத்தியம். முதல் நாளே ஷாம்பு போட்டுக் கழுவி, கிளே பாரை ஈரத்தோடு தேய்த்துப் பிசினையும் தார்ப்புள்ளிகளையும் நீக்கி, ஆன்டெனாவையும் இரு ஓரத்துப் பள்ளங்களில் இருக்கும் ரப்பர் பீடிங்கையும் பிளாஸ்டிக் நெம்பியால் மெல்லக் கழற்றி, அப்பள்ளங்களில் வருஷக்கணக்காகக் குடியிருக்கும் மண்ணைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் துப்புரவாக எடுத்துவிட வேண்டும். ஒட்டுவதற்குச் சற்று முன்பு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த, நார் உதிராத துணியால் மறுபடியும் துடைப்பது அவசியம். வாக்ஸ் பூசிய கூரையில் பசை நிலைக்காது.

காலமும் இடமும் பார்க்க வேண்டும். படலத்தைக் கையாள உகந்த உஷ்ணநிலை ஏறக்குறைய 16 முதல் 32 டிகிரி வரை. சித்திரையில் அது சாத்தியமில்லை. ஆடியிலோ காற்று மண்ணை வாரிக்கொண்டு வரும். தை, மாசிக் காலை உத்தமம். ஆனால் இரவெல்லாம் வெளியில் நின்ற கார் பனியில் நனைந்திருக்குமாகையால், போர்ட்டிகோவுக்குள் நிறுத்தி, தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு ஆரம்பிக்கலாம்.

ஒட்டுவதற்கு இருவர் வேண்டும். என் மைத்துனர் ஒரு முனையும் நான் ஒரு முனையுமாகப் படலத்தை விரித்து, நடுவில் மாஸ்கிங் டேப்பால் நிலைநிறுத்தி, ஒரு பாதியின் அடித்தாளை மாத்திரம் உரித்து வெட்டி எடுத்துவிட்டு, அதை இறுக்கமாக, ஆனால் இழுக்காமல் பிடித்துக்கொண்டு, கம்பளித்துணி விளிம்புள்ள ஸ்க்வீஜியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி தேய்த்துச் செல்வது எங்கள் முறை. கண்ணாடி ஸ்டிக்கருக்குச் செய்வதுபோல் சோப்புத் தண்ணீர் தெளிக்கத் தேவையில்லை. பசையிலேயே காற்று வெளியேற நுண்ணிய வாய்க்கால்கள் இருக்கின்றன, தண்ணீர் அவற்றை அடைத்துவிடும். சுருக்கம் விழுந்தால் தேய்த்து நசுக்காமல், படலத்தைத் தூக்கி, ஹீட் கன்னால் இளஞ்சூடு காட்டினால் அது தானே சமமாகும்.

மெய்யான சோதனை ஓரத்துப் பள்ளங்களில்தான் இருக்கிறது. பள்ளத்தின் மேல் படலத்தைப் பாலம்போல் இழுத்துக் கட்டிவிட்டு, பிறகு சூடுகாட்டி உள்ளே அமுக்கினால், அன்றைக்கு அழகாக அமர்ந்திருப்பதுபோல் தோன்றும். முதல் கோடையிலேயே மேலெழும்பிவிடும். ஆகையால் பள்ளத்துக்குப் போதுமான தளர்ச்சியைக் கொடுத்து, அடித்தளத்தில் முதலில் அமரவைத்து, அதன் பின் சுவரில் ஏற்ற வேண்டும். வெட்டும்போது பிளேடு பெயிண்டைத் தொடலாகாது. அந்தக் கீறல் வழியே தகட்டில் துரு நுழையும். உள்ளே இழை பதித்த டேப்பை முன்கூட்டியே ஒட்டி, இழையை இழுத்துப் படலத்தை அறுப்பதுதான் பாதுகாப்பு. முடிவில் விளிம்புகளையும் வளைவுகளையும் 90 டிகிரிக்கு மேல் சூடேற்றினாலன்றி, நீண்ட இடங்கள் தம் பழைய வடிவை மறப்பதில்லை.

நிறத்தைப் பற்றி ஒன்று. கறுப்புப் பளபளப்பில் இளைஞர்களுக்கு மோகம் அதிகம். அது உஷ்ணத்தை ஈர்ப்பதோடு, அடியில் சிக்கிய ஒவ்வொரு தூசியையும் அம்பலப்படுத்தும். ஆரம்பக்காரர்களுக்கு மங்கல் மெருகே நல்லது. ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் நிறம் குறிக்கப்பட்டிருப்பதால், வேறு நிறம் ஒட்டும் உத்தேசமுடையவர்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னதாக விசாரித்துக்கொள்வது விவேகம்.

வெயிலை நேராக ஏற்கும் கூரைப் படலத்துக்குக் கதவில் ஒட்டியதைவிட ஆயுள் குறைவு. வெடிக்கும் வரை விட்டுவைத்தால் அது நொறுங்கித் துணுக்குத் துணுக்காக வரும், பசையும் பெயிண்டிலேயே தங்கிவிடும். மெருகு மங்கத் தொடங்கும்போதே இளஞ்சூடு காட்டி, தாழ்ந்த கோணத்தில் மெல்ல உரித்து எடுத்துவிடுங்கள்.