வீடியோ ஏற்றியாயிற்று, பார்ப்பவர் யார்?

கேள்வி: ஐயா, நான் ஒரு சுயநிதிக் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். மழை விடுமுறை என்றால் கூகுள் மீட்டில் வகுப்பு. பாடங்களை ஐம்பது நிமிட வீடியோவாகப் பதிவு செய்து கூகுள் கிளாஸ்ரூமிலும் ஏற்றிவிடுகிறேன். முழுதாகப் பார்ப்பவர்கள் சொற்பம். ஆன்லைனில் எல்லோரும் கேமராவை அணைத்துவிடுகிறார்கள்; கேள்வி கேட்டால் பதிலே இல்லை. இன்னும் என்ன சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ளலாம்?
– ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

புதிதாக எதுவும் வேண்டாம். கையில் இருப்பதே தாராளம். உங்கள் கடிதத்தில் பதிவு செய்பவர், ஏற்றுபவர், பேசுபவர், கேட்பவர் எல்லாமே நீங்கள்தான். மாணவர் செய்யவேண்டிய வேலை ஒன்றுகூட அதில் இல்லை. அங்கேதான் கை வைக்க வேண்டும்.

முதலில் வீடியோ. எட்எக்ஸ் என்ற ஆன்லைன் கல்வித் தளத்தின் பாடங்களில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்டதை ஆராய்ந்து பிலிப் குவோவும் அவருடைய குழுவினரும் 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர்கள் அதில் செலவிட்ட நேரத்தின் இடைநிலை அளவு ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. உங்கள் பிள்ளைகள் சோம்பேறிகள் அல்ல. ஒரு கருத்துக்கு ஒரு வீடியோ, ஆறு நிமிடம், முடிவில் கூகுள் ஃபார்மில் இரண்டே கேள்வி. ஸ்லைடைக் காட்டிப் பேசுவதைவிட, கையால் எழுதிக்கொண்டே விளக்கும் வீடியோவில் மாணவர்கள் அதிகம் ஈடுபட்டார்கள் என்பதும் அந்த ஆய்வில் உண்டு. தாளில் எழுதும் உங்கள் கையை மேலிருந்து போனில் பிடித்தாலே போதும். டேட்டா தீர்ந்த பிள்ளைகளுக்கு வீடியோவின் ஒலியை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்; 64 கேபிபிஎஸ் தரத்தில் பத்து நிமிடப் பேச்சு ஐந்து எம்பிக்குள் அடங்கிவிடும்.

இனி வகுப்பு. ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மஸூர் 1991இலிருந்து ஒரு முறையைக் கையாண்டு வருகிறார். ஒரு கேள்வி கேட்பார். ஒவ்வொருவரும் தனியே யோசித்து விடை சொல்ல வேண்டும். விடைகள் கலந்து வந்தால் சரியான விடையை அவர் சொல்லமாட்டார். பக்கத்தில் இருப்பவரோடு வாதாடச் சொல்லிவிட்டு மறுபடி கேட்பார். உங்கள் பாடத்திலேயே பாருங்கள்: ஒரே மாதிரி இரண்டு பல்புகள் தொடரிணைப்பில் இருக்கின்றன. மின்கலத்தின் நேர்முனைக்கு அருகில் இருப்பது அதிகம் ஒளிருமா, மற்றதா, இரண்டும் ஒன்றுபோலவா? ஓம் விதிக் கணக்கைத் தப்பில்லாமல் போடுகிற மாணவர்கூட, முதல் பல்பு மின்னோட்டத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும் என்று நம்பிக்கொண்டிருப்பார். தேர்வுத்தாளில் வெளியே தெரியாத அந்த நம்பிக்கை இந்தக் கேள்வியில் தெரிந்துவிடும். வாதாடி முடித்ததும் ஃபெட் தளத்தின் மின்சுற்று மாதிரியை ஓட்டிக் காட்டுங்கள். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கியது அது. இலவசம், போனிலும் ஓடும்.

ஆன்லைனிலும் இதை நடத்தலாம். எல்லோரும் விடையைச் சாட்டில் தட்டச்சு செய்துகொண்டு, நீங்கள் ‘இப்போது’ என்றதும் ஒரே நேரத்தில் அனுப்பட்டும். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுத வழியிருக்காது. தப்பாகச் சொல்லி மாட்டிக்கொள்வோமோ என்ற கூச்சமும் குறையும். பிறகு மீட்டில் ஒலியை அணைத்துவிட்டு, இரண்டிரண்டு பேராகப் போனில் மூன்று நிமிடம் பேசிவிட்டு வரட்டும். கேமராவைப் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். ஒரே அறையில் குடும்பமே புழங்கும் வீட்டிலிருந்து வகுப்பில் சேர்கிற பெண்ணுக்கு அது பெரிய சங்கடம். அவள் கவனிக்கிறாளா என்பது அவள் அனுப்பும் விடையில் தெரிந்துவிடும்.

வகுப்பறையில் ஓட்டெடுக்கக் கருவி வாங்கலாம் என்று நிர்வாகம் சொன்னால், அந்தப் பணத்தை ஆய்வகத்துக்குக் கேளுங்கள். கனடாவின் ஒரு கல்லூரியில் நத்தானியல் லாஸ்ரி கிளிக்கர் கருவியையும் சாதாரண அட்டையையும் ஒப்பிட்டு 2008இல் எழுதினார். மாணவர் கற்றதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அ, ஆ, இ என்று எழுதிய மூன்று அட்டைகள் போதும்.

ஒன்றுக்கு மட்டும் தயாராக இருங்கள். ‘மேடம் இப்போதெல்லாம் பாடமே நடத்துவதில்லை’ என்று புகார் வரும். ஹார்வர்டிலும் இதேதான் நடந்தது. 2019இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், இப்படித் தாங்களே யோசித்துப் படித்த மாணவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள். ஆனால் விரிவுரை கேட்டவர்களைவிடக் குறைவாகவே கற்றதாக நினைத்தார்கள். மூளையைக் கசக்கும்போது ஒன்றும் புரியாததுபோல்தான் இருக்கும். இதை முதல் வாரத்திலேயே பிள்ளைகளிடமும் துறைத்தலைவரிடமும் சொல்லிவிடுங்கள். ஓட்டுக்கு மதிப்பெண் மட்டும் போடாதீர்கள். போட்டால் நன்றாகப் படிக்கும் பிள்ளையின் விடையையே எல்லோரும் அனுப்புவார்கள், யாருக்கு எது புரியவில்லை என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.