மலையூரில் தனிமையும் நாள்பட்ட நோயும்

நீலகிரி மாவட்டத்தில், குன்னூரை அடுத்த அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு அணித்தே உள்ளது ஜெகதளா. படுகர் மக்களின் ஊர். ஹெத்தையம்மன் திருவிழாவில் வெள்ளை உடுத்தோர் கூட்டம் அதை நிறைத்துவிடும். 'ஹட்டி' எனப்படும் படுகர் ஊரில் வீடுகளை வரிசையாக, ஒன்றையொன்று ஒட்டிக் கட்டுவது பழைய வழக்கம். ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டிற்குக் கேட்கும். அத்தகைய ஊரை வைத்துத் தனிமையைப் பற்றிப் பேசுவது ஏன் என வாசகர் வினவலாம். மலையூர்ப் பிள்ளைகள் பலர் கல்விக்கும் வேலைக்குமாகக் கோவைக்கும் பெங்களூருக்கும் இறங்கிவிடுகின்றனர். ஐம்பது வயதினர், சில வீடுகளில் ஒருவர் மட்டுமே, தேயிலைத் தோட்டத்தையும் மாத்திரைப் பெட்டியையும் காத்திருக்கின்றனர். வந்தவாசி, திண்டிவனம் பக்கத்து நம் சிற்றூர்களிலும் நிலை வேறன்று.

தனித்திருத்தல் வேறு, தனிமையுணர்வு வேறு. நாம் விரும்பிச் சிந்திக்கும் ஏகத்துவ பாவனை உள்ளத்தைத் தெளிவிப்பது. விரும்பாது வந்து சேரும் தனிமையோ உடலையும் வாட்டுவது. உலக சுகாதார நிறுவனம் அமைத்த ஆணையம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவருக்குத் தனிமையுணர்வு உண்டு என்றும், ஆண்டுதோறும் ஏறத்தாழ 8,71,000 இறப்புகள் அதனோடு தொடர்புடையன என்றும் கூறுகிறது. இந்தியாவில் நீரிழிவு உடையோர் சுமார் 10.1 கோடி, உயர் இரத்த அழுத்தம் உடையோர் சுமார் 31.5 கோடி என 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு மதிப்பிட்டது. இவ்விரு கூட்டமும் ஒரே வீட்டில் சந்திப்பதே நம் கவலை.

ஒருவருக்காக மட்டும் உலை வைக்க மனம் வருவதில்லை. காலையில் சமைத்ததே இரவுக்கும் ஆகிறது, ஊறுகாயின் உப்பு மிகுகிறது, மாத்திரை தவறுகிறது. கேட்பார் இல்லை. நீரிழிவில் கால் மரத்துப்போனவர் தம் உள்ளங்காலைத் தாமே காண்பது அரிது. முள் தைத்த புண்ணைப் பிறர் கண்ணே முதலில் காணும். மலையில் இவ்விடர் இரட்டிக்கிறது. மார்கழிக் குளிரில் இரத்த அழுத்தம் ஏறுவது இயல்பு. கணப்புக்கு அருகே கால் நீட்டி அமர்ந்தவர், சுடுவதை உணராமலே தோல் வெந்துபோகக் கூடும். தனித்திருப்பவர் நாள்தோறும் ஒரு கண்ணாடியைக் கீழே வைத்தேனும் காலைப் பார்த்துக்கொள்க.

நம் இல்லங்களுக்கென ஒரு செய்தியும் உண்டு. பொழுது சாயுமுன் உண்ணும் ஒழுக்கம் நல்லதே. எனினும் இன்சுலின் ஏற்றிக்கொள்வோர்க்கும், சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளை உண்போர்க்கும், நெடிய இரவில் சர்க்கரை அளவு கடந்து குறையலாம். வியர்வை, நடுக்கம், குழப்பம் ஆகியன அதன் குறிகள். அருகில் ஒருவர் இருந்தால் எழுப்பிக் கேட்பார். தனியே உறங்குபவரை யார் எழுப்புவார்? ஆகையால் உணவு நேரத்தையும் நோன்பு நாள்களையும் முன்னரே மருத்துவரிடம் கூறி, மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிப் பெறுதல் வேண்டும். நோன்பைக் கூறினால் மருத்துவர் கடிந்துகொள்வார் என்று மறைப்போர் உளர். மறைப்பதில்தான் ஆபத்து.

தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', அழுத்தத்திற்கும் நீரிழிவிற்குமான மாத்திரைகளை வீட்டு வாயிலுக்கே கொண்டுசேர்க்க வகுத்த திட்டம். மாத்திரையினும் பெரிது, வாயிலில் நின்று பெயர் சொல்லி அழைத்து நலம் கேட்கும் பெண்ணின் குரல் என்பது நம் கருத்து. மனச்சோர்வு மிகுந்தால் 2022இல் தொடங்கிய 14416 என்னும் இலவசத் தொலைபேசி உண்டு, தமிழிலேயே பேசலாம். வெளியூரில் உள்ள பிள்ளைகள் அழைக்கும்போது, "மாத்திரை போட்டாயிற்றா?" என்பதோடு நிறுத்தாமல், இன்று யாருடன் பேசினீர்கள், காலைப் பார்த்தீர்களா என்றும் கேட்கலாம். மாலையில் அக்கம்பக்கத்து நோயாளர் இருவர் சேர்ந்து நடந்தால் இன்னும் நலம். ஒருவர் வராத நாளில் மற்றவர் கதவைத் தட்டுவார்.